அட்டையில் ஒட்டிய நற்செய்தி

நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். சவரிநாதன் அழகிரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. அதில் மூவாயிரம் கைமாற்று. சுமை ஏற்றும் ட்ரைசைக்கிளின் பின்சக்கரம் இரண்டுக்கும் டயர் டியூப் போட வாங்கியது. மீதி ஆயிரத்து முந்நூற்று எழுபதும் டீயும் வடையுமாக நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தது. மூவாயிரத்துக்கு இரண்டு டயர் சாட்சி. வடைக்கு என்ன சாட்சி? அழகிரியின் நீளமான கணக்கு நோட்டுதான்.

அழகிரியின் டீக்கடை காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டிக்கு எதிரே இருக்கிறது. வீடு திருவானைக்காவல். விடிவதற்கு முன்பே வந்து பாய்லரைப் பற்றவைத்து, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையக் கணக்கு. கடன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. கொடுத்ததை மறக்கவும் தெரியாது.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். ஆவணி பிறந்ததும் ஒருநாள், சவரிநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே, ட்ரைசைக்கிளைக் கடையின் இரும்புக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

"காச வெச்சுட்டு வண்டிய எடுத்துக்கய்யா."

"வண்டி இல்லாம எப்படிண்ணே சம்பாதிக்கிறது? சம்பாதிக்காம எப்படிக் காச வெக்கிறது?"

"அத வண்டி இருந்தப்ப யோசிச்சிருக்கணும்."

அன்றிலிருந்து அந்த வண்டி அழகிரிக்கு மேசையானது. அதன் பலகை மேல் பால் கேன், டம்ளர் கழுவும் வாளி, நடுவில் வடைத் தட்டு. தன் சொந்த வண்டியிலிருந்து வடை எடுத்துத் தின்கிற மார்க்கெட்டையே சவரிநாதன் தினமும் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மட்டும் வடை கிடையாது.

வண்டி இருந்தால் ஒரு நடைக்கு எட்டு மூட்டை. இல்லையென்றால் ஒரு மூட்டைக்கு ஒரு நடை. ஐம்பத்திரண்டு வயதில் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பழையபடி சுமக்க ஆரம்பித்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கழுத்து திரும்பாது. மனைவி இருதயமேரி எந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டாலும் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் பிரான்சி வந்தாள்.

பிரான்சி ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவர்கள் தெரு அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. அன்பியம் என்றால், பாலக்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் இருபது இருபத்தைந்து சேர்ந்த ஒரு குழு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடுவார்கள். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை நற்செய்தியை அந்த வீட்டுக்காரர் வாசித்து, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்; அதற்குப் பெயர் பகிர்வு. பிறகு செபம், பிறகு சுண்டல். சவரிநாதன் வீட்டு முறை வரும்போதெல்லாம் வாசிப்பது இருதயமேரிதான். சவரிநாதனின் வேலை நாற்காலி போடுவது.

"இந்தத் தடவ நீங்கதான் வாசிக்கிறீங்க சவரி அண்ணன். எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

உண்மைதான். சுமைக்காரர் சங்கக் கட்டடத்தில் சுராயா டீச்சர் சாயங்கால வகுப்பு எடுத்தபோது, சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டபடியே போய் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தான். நூறு கிலோ மூட்டை முதுகில் ஏறிய வேகத்தில் ஒரு 'ஞ' கண்ணில் ஏறவில்லை. ஆனாலும் விடவில்லை. லாரியின் பின்னால் எழுதியிருப்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பான். படித்து முடிப்பதற்குள் லாரி போய்விடும். அடுத்த லாரியில் மிச்சத்தைப் படிப்பான். அப்படிப் படித்ததுதான் அவனுடைய படிப்பு.

பிரான்சி வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒரு தாளாகக் கொடுத்தாள். "பத்து நாள் இருக்கு. நல்லாப் பழகிக்கங்க. பேசுறது உங்க மனசுல பட்டதப் பேசுங்க, போதும்."

தாளைச் சட்டைப் பையில் வைத்தால் பத்து மணிக்குள் வியர்வையில் கூழாகிவிடும் என்று சவரிநாதனுக்குத் தெரியும். வழி ஒன்று கண்டுபிடித்தான். பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, மைதாப் பசை காய்ச்சித் தடவி, தாளை அதன் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டினான். வெயிலில் காயவைத்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. ஒட்டும்போது தாளின் பின்பக்கமும் கறுப்பாக ஏதோ இருந்தது. மை ஊறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பசையைக் கூடுதலாகவே தடவினான்.

லோடு இல்லாத நேரமெல்லாம் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அட்டையைப் படித்தான். நாலாம் நாள்தான் கதை பிடிபட்டது. பிடிபட்டதும் மூட்டையிலிருந்து இறங்கி நின்றுவிட்டான்.

ஒரு ராஜா கணக்குப் பார்க்க உட்கார்கிறார். கணக்கிலடங்காத கடன்பட்ட வேலைக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவனையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் விற்றாவது கடனை வாங்கு என்கிறார் ராஜா. அவன் காலில் விழுந்து, கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்று அழுகிறான். ராஜாவுக்கு மனசு இளகிவிடுகிறது. மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்து அவனை அனுப்பிவிடுகிறார். முற்றுப்புள்ளி. அதோடு தாளும் முடிந்தது.

இந்தக் கதையை அவன் இதற்கு முன் கோயிலில் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் காலை லோடு இருக்கும். முடித்துக்கொண்டு பாதிப் பூசைக்கு வந்து, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற ஆண்களோடு அவனும் நிற்பான். அங்கே நற்செய்தியைவிட வெங்காய விலைதான் தெளிவாகக் காதில் விழும்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னான்: "மேரி, வெள்ளிக்கிழம கூட்டத்துக்கு அழகிரி அண்ணனையும் கூப்பிடப் போறேன்."

இருதயமேரி முறத்தைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க?"

"நற்செய்தி எல்லாருக்கும்தானே?"

"முப்பது வருஷமா அவர் கடையில டீ குடிக்கிறீங்க. இத்தன நாள் இல்லாத அக்கற இப்ப என்ன?"

சவரிநாதன் அட்டையை நீட்டினான். அவள் வாசித்துப் பார்த்தாள். கதை ஏதோ பாதியில் நிற்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. ஆனால் அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆண்டவர் வார்த்தைய வெச்சு வடைக்கடன அடைக்கப் பாக்குறீங்களா?"

"நான் என்னடி பண்றேன்? நான் வாசிப்பேன். அவரு கேப்பாரு. அப்புறம் ஆண்டவர் பாடு, அவர் பாடு."

புதன்கிழமை கடையில் போய் அழைப்பு வைத்தான். அழகிரி டீயை ஆற்றுகிற கையை நிறுத்தவில்லை.

"காசு எப்ப வரும்னு கேட்டா, கூட்டம் எப்பன்னு சொல்ற. மதம் மாத்தப் பாக்குறியாய்யா? எனக்கு எங்க அகிலாண்டேஸ்வரி போதும்."

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. நான் மொதமொதல்ல நாலு பேர் முன்னாடி படிக்கப் போறேன். நீங்க வந்தா தெம்பா இருக்கும். சுண்டலும் உண்டு."

"என்ன சுண்டல்?"

"கொண்டக்கடல."

அழகிரி யோசித்தார். "சரி, வரேன். சுண்டல வட்டியில கழிச்சுக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

அன்று காலை மண்டி வாசலில் ரெஜிஸ் கண்ணில் பட்டான். ரெஜிஸும் அதே அன்பியம்தான்; தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவன். ஆடிப்பெருக்குக்கு மட்டும் வியாபாரத்தை மாற்றி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில், ஆற்றில் விடுகிற காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் விற்றான். அந்தச் சரக்கையெல்லாம் காவிரிப் பாலம் தாண்டி மிதித்துக்கொண்டு போய் இறக்கியவன் சவரிநாதன். போக வர வாடகை அறுநூற்று ஐம்பது. ஆற்றில் தண்ணீர் அதிகம் என்று அந்த வருஷம் கூட்டம் குறைந்துபோனது. கருகமணியெல்லாம் ரெஜிஸ் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாடகை வரவேயில்லை. சவரிநாதனைக் கண்டால் ரெஜிஸ் சந்து மாறிப் போய்விடுவான்.

அன்று சந்து எதுவும் கிட்டத்தில் இல்லை.

"டேய் ரெஜிஸ், எங்கடா என் காசு?"

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே. தீபாவளிக்குள்ள..."

"நீ எந்த தீபாவளியச் சொல்ற? உனக்கேது தீபாவளி?"

"அப்ப கிறிஸ்மஸுக்குள்ள."

சுற்றி நின்ற சுமைக்காரர்கள் சிரித்தார்கள். கழுத்து வலி ஒரு பக்கம், வண்டி ஏக்கம் ஒரு பக்கம், ராத்திரி படிக்கப்போகிற படபடப்பு ஒரு பக்கம். அந்த அறுநூற்று ஐம்பதைக் கொண்டுபோய் அழகிரியின் கையில் வைத்தால் வண்டியை ஒரு வாரத்துக்காவது விடுவார் என்ற ஆசை வேறு. சவரிநாதன் ரெஜிஸின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து உலுக்கினான். மேல் பட்டன் தெறித்து வெங்காயச் சருகுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. ரெஜிஸ் குனிந்து சருகைக் கிளறிப் பட்டனைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எதிரே, வடைத் தட்டுக்குப் பின்னால், அழகிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் நாற்காலி போட்டாயிற்று. இருபத்தைந்து பேர் வீட்டுக்குள் கொள்ளமாட்டார்கள் என்பதால் வாசலில்தான் கூட்டம். மெழுகுவத்தி, மாதா படம், பக்கத்து வீட்டு பல்பு. அழகிரி வெள்ளைச் சட்டை போட்டு, புதுசாக விபூதி பூசிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு முன் வரிசையில் ரெஜிஸ். சட்டையின் கழுத்தில் பட்டன் இருந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தான். பல்பு வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியது.

பாட்டு முடிந்தது. சவரிநாதன் அட்டையோடு எழுந்து நின்றான். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நூறு கிலோ மூட்டையைக்கூட அவன் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

ஆனால் வாசிப்பு? அருமை. ஒரு தடங்கல் இல்லை. ராஜா வந்தார், கணக்குக் கேட்டார், கடன்காரன் விழுந்தான், அழுதான். ராஜா மனசு இளகுகிற இடம் வந்தபோது சவரிநாதன் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து நேராக அழகிரியைப் பார்த்து, மனப்பாடமாகவே, அழுத்தம் திருத்தமாகச் சொன்னான்: மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்தார்.

"இது கிறிஸ்து வழங்கும் நற்செய்தி!" என்று முடித்தான்.

வழக்கமாக எல்லோரும் சேர்ந்து சொல்கிற பதில் வரவில்லை. பிரான்சி மெதுவாகக் கையை ஆட்டினாள்.

"அண்ணன், பின்பக்கம்."

"என்ன பின்பக்கம்?"

"தாளுக்குப் பின்பக்கம் மிச்சம் இருக்கு. திருப்புங்க."

சவரிநாதன் அட்டையைத் திருப்பினான். அங்கே ஒரு டம்ளர் பாலும், அதில் பாதி முங்கிய பிஸ்கட்டும், பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக ஒரு குழந்தையும் இருந்தது. முன்வரிசைக்காரர்களுக்கு முதலில் தெரிந்தது. சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்குப் போனது.

"ஒட்டிட்டீங்களா?" பிரான்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேர்வைக்காக..."

"சரி சரி, இந்தாங்க. புத்தகத்துலயே வாசிங்க. இங்கேருந்து."

புத்தகத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. பழகிய இடம் இல்லை. முன்னால் என்ன வரும் என்று தெரியாது. சவரிநாதன் விரலை வைத்து, லாரியைப் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்ட ஆரம்பித்தான். வெளியே போன அந்த வேலைக்காரன்... தன்னோடு வேலை செய்கிற... ஒருவனைக் கண்டான். அவன் இவனுக்கு... நூறு தெனாரியம்... கடன்.

அழகிரி கடைசி வரிசையிலிருந்து, "அட, இவனுக்கும் ஒருத்தன் தரணுமா? அப்புறம்?" என்றார்.

"இருங்கண்ணே, எனக்கே தெரியாது" என்றான் சவரிநாதன். பிறகு தொடர்ந்தான். இவன் அவனைப் பிடித்து... கழுத்... கழுத்தை...

விரல் நின்றுவிட்டது. அவனுக்கு அந்தச் சொல் புரிந்துவிட்டது. வாசிக்காமல் விடலாமா என்று பார்த்தான். இருதயமேரியைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்தை என்னய்யா?" என்றார் அழகிரி.

"நெரித்து" என்றான் சவரிநாதன், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில்.

இருபத்தைந்து பேரும் ரெஜிஸின் ஊக்கைப் பார்த்தார்கள். காலையில் நடந்தது மார்க்கெட்டிலிருந்து தெருவுக்கு மத்தியானமே வந்து சேர்ந்திருந்தது. ரெஜிஸ் வானத்தைப் பார்த்தான்.

மிச்சத்தை வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. சின்னக் கடன்காரனும் காலில் விழுந்து, அதே வார்த்தையைத்தான் சொன்னான்: கொஞ்சம் பொறுங்கள். இவன் பொறுக்கவில்லை, பிடித்துச் சிறையில் போட்டான். பார்த்தவர்கள் போய் ராஜாவிடம் சொன்னார்கள். ராஜா இவனைத் திரும்பக் கூப்பிட்டு, நான் உனக்கு இரங்கியதுபோல நீ அவனுக்கு இரங்கியிருக்க வேண்டாமா என்று கேட்டு, தள்ளுபடி செய்ததை மறுபடி கணக்கில் ஏற்றி, இவனையும் உள்ளே போட்டார். வாசிக்க வாசிக்க சவரிநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. இப்போது அட்டை கையில் இருந்திருந்தால் விசிறிக்கொள்ளவாவது உதவியிருக்கும்.

"கிறிஸ்துவே உமக்குப் புகழ்" என்று எல்லோரும் சொன்னார்கள். சிலர் கொஞ்சம் அதிக உற்சாகமாகவே சொன்னார்கள்.

"ஒரு சந்தேகம்" என்று அழகிரி கை தூக்கினார். "அந்த மொத ஆளு எவ்வளவு தரணும்? நம்ம காசுக்குச் சொல்லுங்கம்மா."

பிரான்சி யோசித்துச் சொன்னாள். ஒரு தாலந்து என்றால் சுமார் ஆறாயிரம் நாள் கூலி. அவன் கடன் பத்தாயிரம் தாலந்து.

அழகிரி கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. "ஆறு கோடி நாள். சவரி கூலி நாளைக்கு எழுநூறு போட்டா, நாலாயிரத்து இருநூறு கோடி!" நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "எந்த ராஜாய்யா இவ்வளவு கடன் குடுத்தது? நோட்டே வெச்சுக்க மாட்டாரா? சரி, அந்தச் சின்ன ஆளு?"

"நூறு நாள் கூலி."

"எழுபதாயிரம். அது ஒண்ணும் சில்லற இல்லையேம்மா. எழுபதாயிரத்துக்கு யாரா இருந்தாலும் கழுத்தப் பிடிப்பான்."

"எனக்கு அறுநூத்தம்பதுக்கே பிடிச்சாங்க" என்றான் ரெஜிஸ், வானத்தைப் பார்த்தபடியே.

தெருவே சிரித்தது. பிரான்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்ப சவரி அண்ணன் பகிர்வு சொல்லுவாங்க" என்றாள்.

பத்து நாளாகச் சவரிநாதன் தயார் பண்ணி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. தாராள மனசு ராஜாவைப் பற்றி. டீ, வடை என்ற வார்த்தை வராமல், ஆனால் வந்த மாதிரியே இருக்கும்படி கட்டியிருந்தான். அதில் ஒரு வரிகூட இப்போது செல்லாது.

"நான் முன்பக்கம் மட்டுந்தாங்க படிச்சிருந்தேன்" என்றான் கடைசியில். "அதுலயே எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். எனக்கு லாபமான பக்கம் அது. அதனால திருப்பிப் பாக்கத் தோணல."

உடம்போடு சேர்த்து ரெஜிஸ் பக்கம் திரும்பினான்.

"டேய் ரெஜிஸ். அந்த அறுநூத்தம்பது வேணாம்டா. விட்டுட்டேன்."

கையில் இருந்த ஒரே நம்பிக்கை அந்தக் காசு. ரெஜிஸோ நன்றி சொல்லவில்லை, எழுந்து நின்றான்.

"காசு கிடக்கட்டும்ண்ணே. காசு இல்லாதது எனக்குப் பழக்கம். ஊரு பாக்க சட்டையப் பிடிச்சீங்களே, அதுக்கு என்ன?" பையிலிருந்து பட்டனை எடுத்து நீட்டினான். "இதத் தெச்சுக் குடுங்க."

"குடு தம்பி, நான் தெச்சுத் தரேன்" என்று இருதயமேரி எழுந்தாள்.

"நீங்க இல்லக்கா. அவரு."

சவரிநாதன் பட்டனை வாங்கிக்கொண்டான். இருதயமேரி கொடுத்த ஊசி அவன் விரலுக்குள் காணாமல் போனது. உள்ளே போய்த் தன்னுடைய கோணி ஊசியையும் சணல் நூலையும் எடுத்து வந்தான். கிழிந்த வெங்காய மூட்டையைத் தைக்கிறவனுக்கு அதுதான் ஊசி. ரெஜிஸின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலையில் பிடித்த அதே கழுத்துப்பட்டியைப் பிடித்து, ஊக்கைக் கழற்றி, தைக்க ஆரம்பித்தான். கழுத்து வளையாததால் உடம்பு முழுவதையும் சாய்த்துக்கொண்டு தைத்தான். பட்டனின் ஓட்டைக்குள் ஊசி போகாது என்பதால் பட்டனைச் சுற்றியே பொட்டலம் கட்டுவது போல் கட்டினான்.

"குத்திடாதீங்கண்ணே."

"அசையாத. மூட்ட பேசாது."

சிரிப்பு மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை ரெஜிஸும் சேர்ந்துகொண்டான். தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தான் சவரிநாதன். அதுதான் அன்றைய பகிர்வு என்று பிரான்சி அறிவித்துவிட்டு செபத்தைத் தொடங்கினாள்.

சுண்டல் வந்தது. எல்லோரும் தின்றுகொண்டே ஓரக்கண்ணால் அழகிரியைப் பார்த்தார்கள். முன்பக்கத்துக் கதைக்கும் இங்கே ஒரு ஆள் இருக்கிறாரே!

அழகிரிக்கு அது தெரியாமல் இல்லை. "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க? நான் ராஜா இல்ல, டீக்கடைக்காரன்" என்றார். இரண்டாம் முறை வாங்கிய சுண்டலையும் முடித்து, காகிதத்தைக் கசக்கிப் போட்டார். "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நாற்காலிகளை அடுக்கும்போது இருதயமேரி சொன்னாள்: "வர வேண்டியதும் போச்சு, தர வேண்டியதும் அப்படியே நிக்குது."

"ஆமா."

"வருத்தமா இருக்கா?"

சவரிநாதன் யோசித்தான். "கழுத்து வலிதான் இருக்கு" என்றான்.

மறுநாள் காலை அவன் போனபோது வண்டி கம்பத்தோடுதான் நின்றது. மேலே வடைத் தட்டு. அழகிரியின் கண் இரண்டும் சிவந்திருந்தது.

"ஏய்யா சவரி, இங்க வா. உன்னால எனக்குத் தூக்கம் போச்சு. அந்த நூறு நாள் கூலிக்காரன், அவனப் பிடிச்சு உள்ள போட்டானே, அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"அது எழுதலண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன். இந்தத் தடவ பின்பக்கமும் திருப்பிப் பாத்தேன். இல்ல."

"அதெப்படிய்யா விடுவாங்க?" அழகிரி பாலை ஓங்கி ஆற்றினார். "பெரிய கடன்காரன ராஜா பாத்துக்கிட்டாரு. சரி. இந்தப் பாவி என்ன பண்ணான்? கொஞ்சம் பொறுங்கன்னு மட்டுந்தானே சொன்னான்? அவன் இன்னும் உள்ளயே இருக்கானா? அவன் பெண்டாட்டி பிள்ள? நான் பஸ்ல போறப்ப பாலத்து மேல இதையேதான் யோசிச்சிட்டுப் போறேன். இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துல போய் எறங்கி நடந்து வரேன், தெரியுமா?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ரெஜிஸ் வந்தான். கழுத்தில் சணல் பொட்டலம் மாதிரி அந்தப் பட்டன். மார்க்கெட்டில் பாதிப் பேர் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அவன் அதை மறைக்கவில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தான்.

"அழகிரி அண்ணே, ஒரு டீ. எங்க அண்ணனுக்கும் ஒண்ணு. காசு நான் தரேன்."

அழகிரி பட்டனைப் பார்த்தார். ரெஜிஸைப் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "இதோ வந்துட்டான்ல வெளிய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். வடைத் தட்டைத் தூக்கிக் கடைக்குள் வைத்தார், பால் கேனை இறக்கினார், வாளியை எடுத்தார். பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினார். சங்கிலி கம்பத்தில் உரசிச் சத்தம் போட்டது.

"அந்த ராஜா பண்ணதுல எனக்கு ஒரு குறை உண்டு" என்றார் அழகிரி, கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே. "மொதல்ல தள்ளுபடி பண்ணிட்டு, ஆளு எப்படின்னு அப்புறம் பாத்தாரு. அதான் ரெண்டு வேலையாப் போச்சு. நான் வியாபாரி. நேத்து காலையில நீ சட்டையப் பிடிச்சதையும் பாத்தேன், சாயங்காலம் கோணி ஊசி எடுத்ததையும் பாத்தேன். பாத்தாச்சு."

நோட்டில் சவரிநாதனுடைய கணக்கு வந்ததும் அதைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார். "படி. இப்பதான் படிக்கத் தெரியுமே."

சவரிநாதன் விரலை வைத்துப் படித்தான். "நாலாயிரத்து... முந்நூத்து... எழுபது."

அழகிரி அதன் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். போதாதென்று இன்னொரு கோடும் போட்டார். சவரிநாதன் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"அங்க ஒண்ணும் இல்லய்யா!" என்று அழகிரி நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "இதப் போய் யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. நாப்பது பேர் எனக்குத் தரணும். அத்தன பேரும் அடுத்த வெள்ளிக்கிழம உங்க கூட்டத்துல வந்து உக்காந்துருவான்."

"சொல்லலண்ணே." சவரிநாதன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கு. பலகையெல்லாம் வடை வாசம்.

ரெஜிஸ் இரண்டு டீக்கும் காசை எண்ணிப் பலகையில் வைத்தான். அழகிரி அதை எடுத்து எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"ரெண்டு ரூவா குறையுதுடா."

"நாளைக்குத் தரேண்ணே."

அழகிரி பேனா மூடியைக் கழற்றி, ரெஜிஸின் பக்கத்தைத் தேடினார். சவரிநாதன் சட்டைப் பையைத் தடவி இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து நோட்டின் மேல் வைத்தான். பேனா மூடிக்கொண்டது.